பெற்ற வயிறும் இரைப்பையும்

இரண்டு மாதங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ரொறன்ரோவில் இருந்து தொலைபேசி அழைப்பொன்று வந்தது. பேசியவர் காலஞ்சென்ற எனது நண்பர் ஒருவரின் கடைசி மகள். அவரின் தாயார் இரைப்பைப் புற்றுநோயினால் மரணமடைந்து, அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. 78 வயதில் மறைந்த அந்த அம்மையார் ஏழு பிள்ளைகளைப் பெற்றவர். 1995 இடப்பெயர்வு வரை யாழ்ப்பாணத்துக்கு வெளியே ஒரு மாதம்கூட வாழ்ந்தறியாதவர். அவரின் கையால் எத்தனையோ தடவைகள் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

வழமையான ஆறுதல் வார்த்தைகளைக் கூறிக்கொண்டிருந்த என்னை இடைமறித்து அந்தப் பெண் கேட்டார்: "மாமா, நீங்கள் பேப்பரிலை இருந்த ஆள், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கூடப் பிள்ளை பெத்தவைக்குத்தான் வயித்திலை கான்சர் வாறதெண்டு ஒரு இடத்திலை வாசிச்சன். எங்களைப் பெத்ததுதானோ அம்மாவுக்கு வினையாய்ப் போச்சுது?"

என்னால் உடனடியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவரே தொடர்ந்து பேசினார். மூத்த சகோதரியும் அதே வீட்டில்தான் வசிக்கிறார். திருமணமாகி 20 வருடங்களுக்கு மேலாகியும் அவருக்குப் பிள்ளை இல்லை. அவரோ வேறொரு இடத்தில் நேரெதிரான ஒன்றை வாசித்திருக்கிறார்: பிள்ளைப்பேறு பெண்ணை இரைப்பைப் புற்றுநோயில் இருந்து காக்கிறது என்று. தாயார் இறந்த நாளில் இருந்து அவர் தனது வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாராம். ஒரே வீட்டில், ஒரே மரணத்துக்குப் பின்னர், ஒரு சகோதரி தான் பிறந்ததற்காகவும் மற்றவர் தான் பெறாததற்காகவும் அஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

நான் மருத்துவன் அல்ல. ஆனால், 40 வருடங்களுக்கும் மேலாகப் பத்திரிகைத் துறையில் இருந்தவன் என்ற வகையில் இத்தகைய செய்திகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை ஓரளவு அறிவேன். ஒரு காலத்தில் அவற்றில் ஒன்றை நானே பிறப்பித்தும் இருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கொழும்பில் பத்திரிகை ஒன்றின் ஆசிரியபீடத்தில் இரவுநேரக் கடமை. ரெலிபிரின்டரில் வந்த வெளிநாட்டுச் செய்தியொன்று, பிள்ளை பெறாத பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பு ஒப்பீட்டளவில் கூடுதல் என்று கூறியது. பக்கத்தின் அடியில் ஒரு சிறிய இடம் காலியாக இருந்தது. நான்கு பந்திகளை ஒரு பந்தியாகச் சுருக்கி, தலைப்பில் 'மலட்டுப் பெண்கள்' என்றும் 'புற்றுநோய்' என்றும் இரண்டு சொற்களை அருகருகே வைத்தேன். 'மார்பக' என்ற சொல்லுக்கு அந்தப் பத்தியில் இடம் போதவில்லை. பத்து நாட்கள் கழித்து ஒரு தபாலட்டை வந்தது. வடபகுதிக் கிராமமொன்றின் ஆசிரியை எழுதியிருந்தார். வசைமொழி எதுவும் அதில் இல்லை. தனது மாமியார் அந்தத் துண்டை வெட்டிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார் என்று மாத்திரம் எழுதி, கீழே தனது பெயரையும் முழு முகவரியையும் தெளிவான கையெழுத்தில் இட்டிருந்தார். அதற்கு நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்பது ஒரு சாட்டு.

ரொறன்ரோவில் இருந்து வந்த கேள்வி அந்தத் தபாலட்டையைத்தான் எனக்கு நினைவுபடுத்தியது. எனவே, இம்முறையாவது ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று, இந்த விடயம் தொடர்பில் வெளியான ஆய்வுகளைத் தேடியெடுத்து, மருத்துவ நண்பர் ஒருவரின் துணையுடன் சில வாரங்கள் வாசித்தேன்.

முதலில் மொழி பற்றி ஒரு வார்த்தை. உண்ட சோறு சேருவதும் வயிறு, பிள்ளை தங்குவதும் வயிறு என்பது எமது வழக்கு. 'வயிற்றிலே பிள்ளை' என்கிறோம். 'என் வயிற்றில் பிறந்த பிள்ளையா இது' என்று தாய் கோபிக்கிறாள். 'பெற்ற வயிறு பற்றியெரிகிறது' என்று புலம்புகிறாள். பிள்ளையில்லாதவளை 'வயிறு திறக்காதவள்' என்று ஊர் சொல்கிறது. இத்தகைய மொழியில் 'வயிற்றுப் புற்றுநோய்' என்று எழுதினால் வாசகரின் மனம் இரைப்பைக்கும் கருப்பைக்கும் இடையில் தடுமாறுவது இயல்பே. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவப்பணி புரிந்த அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் உடற்கூற்றியல், மகப்பேற்றியல் நூல்களைத் தமிழில் ஆக்குவித்து, தமிழ் மொழியிலேயே மருத்துவம் போதித்தவர். அப்படியொரு மரபைக் கொண்டிருக்கும் நாம், இன்று இரைப்பைக்கும் கருப்பைக்கும் ஒரே சொல்லைப் போட்டு இணையத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம். எனது நண்பரின் மகள் வாசித்த துண்டும் அப்படிப்பட்டதுதான். பிள்ளைப்பேற்றுடன் உறுதியான தொடர்பு கண்டறியப்பட்டிருப்பது மார்பகம், சூலகம், கருப்பை ஆகியவற்றின் புற்றுநோய்களில். இரைப்பையின் கதை வேறு.

பெண்ணின் பிள்ளைப்பேற்றையும் புற்றுநோயையும் இணைத்துப் பார்க்கும் வழக்கம் மிகப் பழையது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, கன்னியாஸ்திரீகள் மத்தியில் மார்பகப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுவதை எழுதிவைத்தார். 1842இல் ரிகோனி-ஸ்டேர்ன் என்ற இன்னொரு இத்தாலியர் வெரோனா நகரத்தின் மரணப் பதிவுகளை ஆராய்ந்து, கன்னியாஸ்திரீகளுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம், கருப்பைப் புற்றுநோய் குறைவு என்று காட்டினார். 1926இல் பிரிட்டனில் ஜேனட் லேன்-கிளேபோன் என்ற பெண் மருத்துவர் மார்பகப் புற்றுநோய் கண்ட ஏறத்தாழ 500 பெண்களையும் நோயற்ற ஏறத்தாழ 500 பெண்களையும் ஒப்பிட்டு, எத்தனை பிள்ளைகள், எந்த வயதில் திருமணம், பாலூட்டினார்களா என்றெல்லாம் விசாரித்தார். அதன் பின்னர் இந்தக் கேள்விகள் எல்லா ஆய்வுப் படிவங்களிலும் நிரந்தர இடம்பிடித்துக்கொண்டன. எந்த உறுப்பில் நோய் வந்தாலும் பெண்ணிடம் முதலில் பிள்ளைக் கணக்குக் கேட்கப்படும் நிலை உருவாகியது. ஆண்களிடம் எவரும் அவ்வாறு கேட்பதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இரைப்பைப் புற்றுநோயைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஒரு நியாயம் இருந்தது. உலகெங்கும் இந்நோய் பெண்களைவிட ஆண்களை ஏறத்தாழ இருமடங்கு தாக்குகிறது. ஆண்கள் கூடுதலாகப் புகைப்பது ஒரு காரணம். ஆனால், அது மாத்திரம் போதுமான விளக்கமாக இல்லை. இந்நோயின் பொதுவான வகை, பெண்களை ஆண்களைவிட ஏறத்தாழ 10 முதல் 15 வருடங்கள் பிந்தியே பிடிக்கிறது என்பதும் மாதவிடாய் நின்ற பின்னர் அந்த இடைவெளி சுருங்குகிறது என்பதும் அவதானிக்கப்பட்டன. எனவே, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் இரைப்பைக்கு ஏதோவொரு காவல் அளிக்கிறதோ என்ற ஊகம் எழுந்தது. கர்ப்பகாலத்தில் அந்த ஹோர்மோன் உடலில் பன்மடங்கு பெருகுகிறது. அப்படியானால் கூடப் பிள்ளை பெற்றவளுக்குக் கூடப் பாதுகாப்புக் கிடைத்திருக்க வேண்டும் அல்லவா? மூத்த சகோதரி வாசித்த செய்தியின் வேர் இதுதான்.

இந்த ஊகத்தைச் சோதித்த ஆய்வுகளில் எனது கவனத்தை மிகவும் ஈர்த்தது சீனாவின் ஷங்காய் நகரில் இடம்பெற்றது. 1996க்கும் 2000க்கும் இடையில் அந்த நகரின் குடியிருப்புப் பகுதிகளில் 40 முதல் 70 வயதுக்கு இடைப்பட்ட ஏறத்தாழ 75,000 பெண்களை வீடு வீடாகச் சென்று சந்தித்து விபரங்களைத் திரட்டி, பின்னர் வருடக்கணக்கில் அவர்களைத் தொடர்ந்து அவதானித்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 73,000 பேரின் விபரங்களைக் கொண்டு 2007இல் வெளியான கட்டுரை இரைப்பைப் புற்றுநோயைப் பற்றியது. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. பாலூட்டியதற்கும் தொடர்பில்லை. பூப்பெய்திய வயதுக்கும் தொடர்பில்லை. கருத்தடை மாத்திரைக்கும் தொடர்பில்லை. தொடர்பு தென்பட்டது வேறொன்றில்: பூப்பெய்தியதில் இருந்து மாதவிடாய் நிற்கும் வரையிலான மொத்தக் காலம் நீளமாக இருந்த பெண்களுக்கு நோய் சற்றுக் குறைவாக இருந்தது.

ஐரோப்பாவில் பத்து நாடுகளைச் சேர்ந்த மக்களைக் கொண்டு நடத்தப்படும் மாபெரும் ஆய்வொன்றில் இருந்து 2010இல் வெளியான முடிவும் இதே திசையில்தான் இருந்தது. 3 இலட்சத்து 35 ஆயிரம் பெண்கள். அங்கும் மாதவிடாய்க் காலத்தின் மொத்த நீளம் கணக்கில் வந்தது. சூலகங்கள் அகற்றப்பட்ட பெண்களுக்கு வாய்ப்புக் கூடுதலாக இருந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை கணக்கில் வரவில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2012இல் வெளியான தொகுப்பாய்வும் ஏறத்தாழ இதையே சொன்னது. தனித்தனி ஆய்வுகளில் ஒன்று சிறிது கூடுதல் என்றும் இன்னொன்று சிறிது குறைவு என்றும் காட்டுவது உண்டு. எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் வைக்கும்போது முள் நடுவில்தான் நிற்கிறது. இரண்டு சகோதரிகளும் வாசித்தவை அந்தத் தனித்தனி முனைகளில் இருந்து பறந்துவந்த துண்டுகள்.

இங்கு செய்தியாளர்கள் பொதுவாக விட்டுவிடும் ஒரு விபரத்தைச் சொல்ல வேண்டும். ஷங்காயின் அந்த 73,000 பெண்களில் ஆய்வுக்காலத்தில் இரைப்பைப் புற்றுநோய் கண்டவர்கள் 150க்குச் சற்றுக் கூடியவர்கள் மாத்திரமே. ஆயிரத்துக்கு இருவர். ஐரோப்பாவின் 3 இலட்சத்து 35 ஆயிரம் பேரில் 180 பேரளவில். 'கால்வாசி குறைவு' என்று ஒருவர் எழுதினாலும் அது இந்த ஆயிரத்துக்கு இருவரில் கால்வாசிதான். ஆனால், தலைப்பில் '25 வீதம்' என்று மொட்டையாகப் போடும்போது தெருவில் போகும் நான்கு பெண்களில் ஒருத்தியைப் பற்றிய பேச்சாக அது தோன்றிவிடுகிறது. எத்தனை பேரில் எத்தனை பேர் என்று எழுதாத எந்த மருத்துவச் செய்தியையும் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது எனது அபிப்பிராயம். நான் கடமையில் இருந்த காலத்தில் அதைச் செய்யவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஷங்காய் ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. எமது பெண்கள் 'லூப்' என்று சொல்லும் கருப்பை வளையத்தைப் பயன்படுத்தியிருந்தவர்களுக்கு நோய் ஏறத்தாழ 60 வீதம் கூடுதலாகக் காணப்பட்டது. இதைப் பிடித்துக்கொண்டு 'லூப் போட்டால் வயிற்றுப் புற்றுநோய்' என்று தலைப்பிட எவ்வளவு நேரம் எடுக்கும்? அந்தத் தலைப்பைப் பார்த்து எத்தனை பெண்கள் மருத்துவமனைக்கு ஓடியிருப்பார்கள்? 150 நோயாளரை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு விடயங்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தால், அவற்றில் ஒன்றிரண்டு தற்செயலாகவே தொடர்பு காட்டக்கூடும். அதுமட்டுமல்ல, அந்த வளையத்துக்குப் பின்னால் ஒரு நாட்டின் அரசியல் இருக்கிறது. 1979-80 தொடக்கம் சீன அரசு நடைமுறைப்படுத்திய ஒரு பிள்ளைக் கொள்கையின் கீழ், முதலாவது பிள்ளைக்குப் பின்னர் வளையம் பொருத்துவது பெரும்பாலும் பெண்ணின் சொந்த விருப்பமாக இருக்கவில்லை. அதே ஆய்வில் இடம்பெற்ற மூத்த பெண்களோ ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பல பிள்ளைகளைப் பெற்றவர்கள், பஞ்சத்தைக் கண்டவர்கள். ஒரு பெண்ணின் பிள்ளைகளின் எண்ணிக்கை என்ற இலக்கத்துக்குள் அவள் பிறந்த ஆண்டு, அவள் பட்ட வறுமை, கணவனின் தொழில், அரசாங்கத்தின் ஆணை எல்லாமே அடங்கிக் கிடக்கின்றன. அந்த இலக்கத்தைக் கருப்பையின் கணக்காக மாத்திரம் வாசிப்பவர் அரைவாசியைத்தான் வாசிக்கிறார்.

எமது நாட்டிலும் அப்படித்தான். எனது நண்பரின் துணைவியார் ஏழு பெற்றார். அவருடைய மகள்மார் ஒன்றும் இரண்டும் பெற்றார்கள். தாயின் காலத்தில் வீட்டில் குளிர்சாதனப்பெட்டி இல்லை. உப்பிட்ட கருவாடும் ஊறுகாயும் மிஞ்சிய பழஞ்சோறும் அன்றாட உணவு. கிணற்று நீர். ஒரு பாயில் நான்கு பேர். இரண்டு தலைமுறைகளையும் ஒப்பிட்டு 'கூடப் பெற்றவர்களுக்குக் கூட நோய்' என்று எவராவது கண்டுபிடித்தால், அவர் கண்டது பிள்ளைப்பேற்றையா, கருவாட்டையா? அமெரிக்காவில் 1930களில் புற்றுநோய் மரணங்களில் முன்னணியில் நின்றது இரைப்பைப் புற்றுநோய். எவரும் அதற்கெதிராக ஒரு பெரிய இயக்கத்தை நடத்தாமலேயே அது தசாப்தம் தசாப்தமாகத் தேய்ந்துபோனது. உப்பிட்டும் புகையிட்டும் உணவைப் பாதுகாப்பதற்குப் பதிலாகக் குளிரூட்டிப் பாதுகாக்கும் வழக்கம் வந்ததும், வீடுகளில் நெருக்கடி குறைந்ததும், சுகாதாரம் மேம்பட்டதும் அதற்கு முக்கியமான காரணங்களாகக் கூறப்படுகின்றன.

வீட்டு நெருக்கடி என்று சொன்னது காரணத்துடன்தான். இரைப்பைப் புற்றுநோயின் பிரதான காரணி ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பற்றீரியா. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொரன், பரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் 1982இல் அதை இனங்கண்டபோது மருத்துவ உலகம் நம்ப மறுத்தது. அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி எப்படி வாழும் என்று கேட்டார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, தனது இரைப்பையில் அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 1994இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அந்தக் கிருமியை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளின் முதற்பிரிவில் சேர்த்தது. 2005இல் இருவருக்கும் நொபெல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றுகிறது. குடும்பத்துக்குள், பெரும்பாலும் தாயிடம் இருந்து பிள்ளைக்கும் சகோதரரிடம் இருந்து சகோதரருக்கும் பரவுகிறது. நெருக்கமான வீட்டில், நிறையச் சகோதரர்களுடன் வளர்ந்தவர்களிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது. கிருமி இருப்பவர்கள் எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை; மிகச் சிறிய பங்கினருக்கே வருகிறது. இலங்கையில் இந்நோய் ஒப்பீட்டளவில் குறைவு. எமது பெண்களை மிகக் கூடுதலாகத் தாக்குவது மார்பகப் புற்றுநோயே.

ஆகவே, அந்த அம்மையாரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி 'எத்தனை பெற்றீர்கள்' என்பதல்ல என்று எனக்குத் தோன்றியது. 'எத்தனை பேருடன் கூடப்பிறந்தீர்கள்' என்று கேட்டிருந்தால் அது நோய்க்குச் சற்றுக் கிட்டப் போயிருக்கும். அவர் பதினொரு பேரில் ஒருவர்.

பிள்ளைப்பேற்றுக்கும் இந்நோய்க்கும் உண்மையிலேயே முடிச்சு விழும் இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி எவரும் தலைப்புப் போடுவதில்லை. கர்ப்பிணி ஒருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வருவது மிக அரிது. ஆனால், வரும்போது பெரும்பாலும் பிந்தியே கண்டுபிடிக்கப்படுகிறது. காரணம் எளிது. சத்தி, குமட்டல், நெஞ்செரிவு, சாப்பாட்டில் வெறுப்பு, இரத்தச்சோகை, இவையெல்லாம் கர்ப்பத்தின் குறிகள் என்றே வீட்டாரும் சில வேளைகளில் மருத்துவரும் எடுத்துக்கொள்கிறார்கள். 'உனக்கு மட்டுமா மசக்கை' என்று பெரியவர்கள் அதட்டிவிடுகிறார்கள். ஜப்பானிய மருத்துவர்கள் இத்தகைய நோயாளரின் விபரங்களைத் திரட்டி எழுதியிருப்பதை வாசிக்கும்போது மனம் கனக்கிறது. இளம் பெண்களுக்கு வருவது பெரும்பாலும் இரைப்பைச் சுவரில் கட்டியாகத் திரளாமல் பரவிச் செல்லும் வகை, அது வேகமானது. கர்ப்பத்தின் நடுப்பகுதி கடந்த பின்னரும் சத்தி ஓயாவிட்டால், உடல் எடை குறைந்துகொண்டே போனால், சத்தியில் இரத்தம் கண்டால், மலம் கறுத்துப் போனால் மருத்துவரிடம் விடாப்பிடியாகக் கேட்க வேண்டும். உண்மையில் தேவைப்படும்போது கர்ப்பிணிக்கும் இரைப்பையைக் குழாய்விட்டுப் பார்க்கும் பரிசோதனையைச் செய்ய முடியும்.

இரண்டாவது முடிச்சு, தாய் பிள்ளைக்குக் கடத்தும் மரபணு. நியூசிலாந்தில் மாவோரி இனக் குடும்பம் ஒன்றில் பல தலைமுறைகளாக இளவயதினர் இரைப்பைப் புற்றுநோயினால் அடுத்தடுத்து இறந்தனர். அந்தக் குடும்பத்தினர் தாமாகவே ஒட்டாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து, தமது வம்சாவளியை ஒளிவுமறைவின்றி எழுதிக்கொடுத்தனர். அதன் பயனாக, 1998இல் அந்த நோய்க்குக் காரணமான மரபணுக் குறைபாடு கண்டறியப்பட்டது. அதே குறைபாடு பெண்களுக்கு ஒருவகை மார்பகப் புற்றுநோயையும் கொண்டுவருகிறது. இன்று அதைச் சுமப்பவர்கள் நோய் வருவதற்கு முன்னரே இரைப்பையை முற்றாக அகற்றிக்கொள்ள முடியும். அவ்வாறு அகற்றிக்கொண்ட பெண்கள் பின்னர் கருவுற்று, நலமான குழந்தைகளைப் பெற்றிருப்பது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. இரைப்பையே இல்லாத வயிற்றில் பிள்ளை வளர்ந்திருக்கிறது.

அந்த மாவோரிக் குடும்பத்தைப் பற்றி வாசித்தபோது எமது வீடுகளை நினைத்துக்கொண்டேன். ஒரு பெண்ணுக்குப் பிள்ளை உண்டா, இல்லையா, எத்தனை, ஆணா பெண்ணா என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். ஆனால், அவளின் தாய்மாமன் எந்த நோயில் இறந்தார் என்று கேட்டால் வீட்டில் மௌனம். 'நெருப்புக் காய்ச்சல்', 'அல்சர்', 'வயித்துக்குத்து' என்று ஏதாவதொன்றைச் சொல்லி மழுப்புவார்கள். பெட்டையளுக்குச் சம்பந்தம் குழம்பிப்போகும் என்ற பயம். மரண அறிவித்தல்களை ஆயிரக்கணக்கில் பார்த்து அச்சுக்கு அனுப்பியவன் நான். 'புற்றுநோயினால்' என்று எழுதச் சொல்லிக் கொடுத்த குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். மருத்துவர் கேட்கும் கேள்விகளில் உயிரைக் காக்கக்கூடியது குடும்ப நோய் வரலாறு. அதைத்தான் நாம் மறைக்கிறோம்.

அதன் பெறுமதி என்னவென்று தென்கொரியாவில் இருந்து வந்த ஒரு முடிவு காட்டுகிறது. அந்நாட்டின் தேசிய புற்றுநோய் நிலையத்தின் மருத்துவர்கள், பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இரைப்பைப் புற்றுநோய் வந்து, தாங்களும் ஹெலிகோபக்டர் கிருமியைச் சுமந்த 1,676 பேரை ஆராய்ந்தனர். ஒரு சாராருக்குக் கிருமியை ஒழிக்கும் மாத்திரைகளை ஒரு வார காலத்துக்கும் மறுசாராருக்கு வெறும் மாத்திரைகளையும் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஒன்பது வருடங்களின் பின்னர் பார்த்தபோது மருந்து எடுத்தவர்களில் 10 பேருக்கும் எடுக்காதவர்களில் 23 பேருக்கும் நோய் வந்திருந்தது. 2020 ஜனவரியில் இது வெளியானது. ஒரு வார மாத்திரை, பாதிக்கும் குறைவான நோய். எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற விபரத்துடன் இப்படியொரு செய்தி கிடைத்தும், எமது மொழியில் அதைப் பெரிதாக எழுதியவர் எவரையும் நான் காணவில்லை. பிள்ளை பெற்றவளையும் பெறாதவளையும் பற்றிய துண்டுகளோ நாளாந்தம் கைபேசிகளில் வந்துகொண்டிருக்கின்றன.

இவ்வளவையும் வாசித்து முடித்த பின்னர் ரொறன்ரோவுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். இரண்டு சகோதரிகளும் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தனர். "பிள்ளை, உங்களைப் பெற்றதால் அம்மாவுக்கு இந்த நோய் வரவில்லை" என்று இளையவருக்குச் சொன்னேன். மூத்தவரிடம், பிள்ளை இல்லாததற்கும் இரைப்பைக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அம்மாவின் மகள் என்ற வகையில் அந்தக் கிருமிப் பரிசோதனையைச் செய்ய வேண்டும், ஏழு பேரும் செய்ய வேண்டும் என்று சொன்னேன். மூத்தவர் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அப்ப இது எங்கள் எல்லாருக்கும் ஒரே கணக்கோ மாமா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் அழுவது கேட்டது.

ஏழு பேரும் இப்போது ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், மெல்பேர்ண், யாழ்ப்பாணம் என்று ஐந்து நகரங்களில் இருக்கிறார்கள். இதை எழுதும் வேளையில் ஐந்து பேர் பரிசோதனை செய்துவிட்டனர். இருவருக்குக் கிருமி இருந்து மாத்திரை எடுத்திருக்கிறார்கள்; மூத்த சகோதரிக்கு இல்லை. லண்டனில் இருப்பவருக்கு மருத்துவரைச் சந்திக்க அடுத்த மாதம் நாள் கிடைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் மூத்த அண்ணர் மாத்திரம் தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய மகளுக்கு இப்போது சம்பந்தம் பேசுகிறார்களாம். அவரிடம் நான் நேரில்தான் போய்ப் பேச வேண்டும்.